பணிய லயம்

அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில் அந்த இரண்டு வரிகள் இருந்தன. ‘வாகனம் குறித்த இடத்தைப் பிற்பகல் 2.11க்கு அடைந்து ஐம்பத்தொரு நிமிடங்கள் காத்திருந்தது. நோயாளியை உறவினர்கள் வீதிக்குக் கொண்டுவரவில்லை.’

நோயாளி என்பது சுதர்சினி. சிவனேசனின் மனைவி. இறக்கும்போது அவளுக்கு வயது இருபத்தேழு. உறவினர்கள் என்பது அவளுடைய அப்பா வீரையாவும் அம்மா பாலம்மாவும்.

கண்டி, மஹய்யாவ வீட்டின் சமையலறையில் நின்றபடியே அதை வாசித்தான் சிவனேசன். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இன்னொரு தரம் வாசித்தான். ஐந்து மாதமாக எதுவுமே உறைக்காமல் கிடந்த உடம்பில் ஏதோ உறைத்தது.  கோபம் வந்துவிட்டது என்று அவனுக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது.

நவம்பர் கடைசியில் அந்த மழை கொட்டியபோது சுதர்சினி தெல்தோட்டைக்கு மேலே, ஆர்ட்வெல் தோட்டத்தில், பணிய லயம் என்ற தொழிலாளர் வீட்டு வரிசையில், தாய்வீட்டில் இருந்தாள். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று மூன்று நாள் லீவு போட்டுவிட்டுப் போனவள். இரண்டாம் நாள் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்தது. சுவர் அவள் இடுப்பின்மேல் விழுந்தது. இழுத்தெடுத்தபோது உயிர் இருந்தது, பேச்சும் இருந்தது. டெலிபோன் கோபுரங்கள்தான் செத்துப்போயிருந்தன. தெல்தோட்டைச் சந்தியில் முஸ்அப் என்றொரு இளைஞன் கைவானொலியோடு நிற்கிறான், அவன் கண்டிக்குப் பேசுவான் என்று கேள்விப்பட்டு லயத்திலிருந்து ஒருவன் ஓடினான். ‘வண்டி வருகிறது, அங்கேயே இருங்கள்’ என்று பதில் வந்தது. கதவைக் கழற்றி அதில் அவளைக் கிடத்தி ரோட்டு முனைக்குக் கொண்டுவந்து, மழைக்கு மேலே படங்குத் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு எட்டுப் பேர் நின்றார்கள். மூன்று இருபத்தைந்துக்கு அவள் பேச்சு நின்றது.

இது வீரையா சொன்ன கதை. சிவனேசன் அதை நம்பவில்லை.

நம்பாததற்கு அவனிடம் காரணம் இருந்தது. கருமாதி அன்று, வண்டி ஓட்டிய அம்ஜத் என்பவர் கலகெதரையிலிருந்து துக்கம் விசாரிக்க வந்தார். இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை காத்து நின்றதாகவும், ஒருவரும் நோயாளியைக் கொண்டு வரவில்லை என்றும், வண்டியில் இருந்த பெட்டியில் எல்லாம் பதிவாகியிருப்பதாகவும் அவர் சொன்னார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். சிவனேசன் முழு லயமும் கூடியிருந்த இடத்தில் மாமனாரைப் பிடித்துக்கொண்டான்.

“நாங்க ரோட்டுலதான் மாப்ள நின்னோம்,” என்றார் வீரையா.

“அப்ப அந்த மனுசன் பொய் சொல்றாரா? பெட்டியில பதிவு இருக்காம். மெசின் பொய் சொல்லாது மாமா. நீங்க பயந்துக்கிட்டு உள்ளுக்குள்ளேயே வச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க.”

வீரையா அதன்பிறகு அவனோடு பேசவில்லை. அவனும் ஆர்ட்வெல்லுக்குப் போகவில்லை. லயத்து ஆட்கள் மட்டும் பேசிக்கொண்டார்கள். படித்த மருமகனே சொல்லிவிட்டான் அல்லவா.

இப்போது அதே கதை அச்சில் வந்திருந்தது. நிவாரண வானொலிக் குழு தயாரித்த அறிக்கையின் நகல். ‘கருத்துக்கள் இருப்பின் வியாழக்கிழமைக்கு முன் அறியத்தரவும், வியாழன் கூட்டத்தில் அறிக்கை இறுதியாக்கப்படும்’ என்று அதில் ஒரு குறிப்பு.

சிவனேசன் பேராதனையில் புள்ளிவிவரவியல் படித்தவன். கண்டியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் விபத்துக் கோரிக்கைகளை வாசித்துப் பார்ப்பது அவன் வேலை. ‘குறித்த இடம்’ என்று எழுதி, எந்த இடம் என்று எழுதாத கோரிக்கை அவன் மேசைக்கு வந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவான். கருமாதியில் வாயால் கேட்டபோது தட்டாத ஓட்டை, கடதாசியில் பார்த்ததும் தட்டியது. வண்டி ஐம்பத்தொரு நிமிடம் நின்றது சரி. எங்கே நின்றது?

குழுவின் செயலாளர் துஷ்யந்திக்கு அழைப்பெடுத்தான். யாழ்ப்பாணத்துக்காரி, பேராதனையில் விரிவுரையாளர், நாற்பது வயதிருக்கும். மழை நாட்களில் கண்டிக் கட்டுப்பாட்டு மேசையில் இருந்தவளும் அவள்தான், அறிக்கையை எழுதியவளும் அவள்தான்.

“வண்டி எங்க நின்னதுன்னு பதிவு இருக்கா மிஸ்?”

“ஓம், இருக்கு.” என்றாள். “முழுப் பதிவையும் அனுப்பிவிடுறன். பாருங்கோ.”

அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டாள்.

விஷயம் சின்னது. ஒவ்வொரு நிவாரண வண்டியிலும் ஒரு பெட்டி. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அது தன் பெயரையும் தான் நிற்கிற இடத்தையும் ஒரே வரியாக்கி, ஒரு விநாடிக் கரகரப்பாக வானொலியில் அனுப்பும். அந்தக் கரகரப்புக்குப் பாக்கெட் என்று பெயர். மலையுச்சியில் இன்னொரு பெட்டி அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும். கண்டியில் ஒரு கணினி அதைப் பிடித்து வரைபடத்தில் புள்ளி வைக்கும். பிடித்ததையெல்லாம் எழுதியும் வைக்கும். டெலிபோனும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். ஊரே வாயடைத்துக் கிடந்த மூன்று நாட்களும் இந்தக் கரகரப்பு மட்டும் நிற்கவில்லை. சிவனேசனுக்கு வந்த கோப்பில் ஆறாயிரத்துச் சொச்சம் வரிகள் இருந்தன.

அம்ஜத்தின் வண்டியுடைய வரிகளை மட்டும் பிரித்தெடுத்து வரைபடத்தில் வைத்தான். வண்டி கேகாலைப் பக்கம் ஒரு றப்பர் காட்டுக்குள் போய் நின்றது. மடிக்கணினியை மூடிவிட்டு முற்றத்தில் நடந்தான். ஒரு நாள் முழுக்க வீணாகியது. பெட்டி அனுப்புவது பாகையும் நிமிடமும். ஏழு பாகை பன்னிரண்டு நிமிடம் என்பதை அவன் ஏழு தசம் ஒன்று இரண்டு என்று வாசித்திருந்தான். நேரமும் இலங்கை நேரம் இல்லை. ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும்.

திருத்தியதும் புள்ளிகள் ஒழுங்காக ஊர்ந்தன. கலஹா ரோடு. தெல்தோட்டைச் சந்தி. தோட்டத்து கேட். கோயில் வளைவு. அந்த வளைவில் ரோடு இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் கீழே இறங்கும், வலப்பக்கம் மேலே ஏறும். புள்ளிகள் வலப்பக்கம் ஏறின. 2.11லிருந்து 3.02 வரை ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன.

மூன்று வருடம் அந்தத் தோட்டத்து மருமகனாக இருந்தவனுக்கு அது எந்த இடம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஸ்டாப் குவாட்டர்ஸ் முற்றம். கிளார்க் ஐயா, டீமேக்கர் ஐயா, டிஸ்பென்சர் ஐயாவெல்லாம் குடியிருக்கும் மேட்டு வீடுகள். அங்கிருந்து படிக்கட்டில் இறங்கினால் சுதர்சினி கிடந்த ரோட்டு முனைக்குப் பதினொரு நிமிடம். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தே ஒருமுறை இறங்கியிருக்கிறான். அவளோடு பந்தயம் கட்டி.

அடுத்த நாள் அலுவலகத்துக்குப் போகாமல் கலகெதர பஸ்ஸில் ஏறினான்.

அம்ஜத்துக்குக் கலகெதரச் சந்தி தாண்டி ஒரு டயர் கடை. வாசலில் அவருடைய பாடசாலை வேன் நின்றது. அவனைக் கண்டதும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“இரிங்க தம்பி. பிளேன்டீ ஒண்டு செல்லவா?”

“பணிய லயத்துக்கு ஏன் வரல்ல?”

“வந்தேனே தம்பி. அண்டைக்கே செல்லியிருக்கேனே.”

“நீங்க நின்னது மேல, ஸ்டாப் குவாட்டர்ஸ் முத்தத்துல. செத்தவ கிடந்தது கீழ. மாமனாரப் பொய்யனாக்கிட்டுப் போனீங்க.”

அம்ஜத் துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். “எனக்கு அது ஸ்டாப்புட வூடா, தொரெட பங்களாவா எண்டு எப்பிடித் தெரியும்? பொறந்ததுக்கு அந்தத் தோட்டத்துல கால் வெச்சதில்ல. வண்டில பெட்டி ஈந்திச்சு. பெட்டில பேர் வந்திச்சு, அம்பு வந்திச்சு, இன்னும் இவ்வளவு தூரம் எண்டு கணக்கு வந்திச்சு. கணக்கு சைபர் எண்டு வந்த எடத்துல நிப்பாட்டினேன். அதுக்குப் பொறகு நான் எங்க போற?”

“எறங்கி நடந்து பாக்கத் தெரியாதா?”

“கேட்டேன். ரேடியோல ரெண்டு தரம் கேட்டேன். வூடெல்லாம் பூட்டிக் கெடக்கு, ஒரு மனுசனும் இல்ல, எறங்கிப் பாக்கவா எண்டு. ‘வண்டிய விட்டு எறங்க வேணாம், கொண்டு வருவாங்க’ எண்டு அந்த மிஸ் செல்லிச்சு. ஹோன் அடிச்சேன் தம்பி. விடாம அடிச்சேன். அந்த வேன்ட ஹோன் ஒங்களுக்குத் தெரியாது, முழுக் கலகெதரையும் ஏசும்.”

சிவனேசன் ஸ்டூலில் இன்னும் உட்காரவில்லை.

“கோவத்த எறக்கி வெக்க ஒரு எடம் வேணும், பஸ் ஏறி வந்தீக்கிறீங்க,” என்றார் அம்ஜத். “எறக்கி வைங்க, நான் ஒண்டும் செல்ல மாட்டேன். ஆனா அந்தப் பேரப் போட்டது நான் இல்ல.”

“எந்தப் பேர்?”

“பெட்டில வந்த பேர். பணிலயம்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது சிவனேசனுக்குத் தன்மேலேயே எரிச்சலாக இருந்தது. வண்டியின் வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, மற்ற ஐயாயிரத்தையும் அவன் பார்க்கவே இல்லை. விபத்துக் கோப்பில் ஒரு சாட்சியை மட்டும் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைப்பது மாதிரி.

வீட்டுக்கு வந்து முழுக் கோப்பிலும் தேடினான். இருந்தது. பெட்டி இல்லாத ஆளுக்கோ இடத்துக்கோ கட்டுப்பாட்டு மேசையில் இருப்பவர் தானே வரைபடத்தில் ஒரு புள்ளி குத்தலாம். அதுவும் பாக்கெட்டாக எல்லா வண்டிக்கும் போகும். பெயருக்கு ஒன்பது ஆங்கில எழுத்துக்கு மேல் இடமில்லை. பி, ஏ, என், ஐ என்று தொடங்கி எம்மில் முடியும் ஒன்பது எழுத்து: பணிலயம். குத்திய நேரம் 12.58. கூடவே ஒரு சின்னக் குறிப்பு: ஸ்டாப் குவாட்டர்ஸ். புள்ளியை யார் குத்தினாலும் அந்த வரியின் தலையில் குத்தியவரின் வானொலி அழைப்புக்குறி கட்டாயம் இருக்கும், அதை அழிக்க முடியாது. துஷ்யந்தியின் அழைப்புக்குறி இருந்தது.

அவன் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். தோட்டத்தில் மேலே இருப்பது மேட்டு லயம், கீழே இருப்பது பணிய லயம். பணிய என்றால் கீழே. ‘பணிய போயிட்டு வாறேன்’ என்று சுதர்சினி சொன்னால் கீழே கடைக்குப் போகிறாள் என்று அர்த்தம். தோட்டத்தில் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். யாழ்ப்பாணத்தில் பிறந்து பேராதனையில் படிப்பிக்கிற ஒரு பெண்ணின் காதில், மழை இரைச்சலுக்குள், அது பணியாளர் லயம் என்று விழுந்திருக்கிறது. பணியாளர் என்றால் ஸ்டாப். வரைபடத்தில் ஸ்டாப் குவாட்டர்ஸைத் தேடி ஒரு குத்து.

காதில் பிழையாக விழுவது யாருக்கும் நடக்கும். சிவனேசன் பதினான்காம் பக்கத்தைத் திரும்ப எடுத்தான். ‘குறித்த இடம்.’ மற்ற எல்லாப் பக்கத்திலும் இடத்தின் பெயர் இருந்தது. பாடசாலை, பாலம், புத்த பன்சலை எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. இந்த ஒரு இடத்துக்கு மட்டும் இல்லை. அது காதில் பிழையாக விழுந்ததல்ல. தெரிந்தே எழுதாமல் விட்டது.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கண்டி நகரில் ஒரு மண்டபத்தின் மேல்மாடியில் கூட்டம். நீட்டு மேசையைச் சுற்றி ஏழு பேர். தலைவர் சுந்தரலிங்கம் ஓய்வுபெற்ற பொறியியலாளர். அவருக்குப் பக்கத்தில் துஷ்யந்தி, முன்னால் அறிக்கைக் கட்டு. சிவனேசன் உள்ளே வந்ததும் அவள் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்று பார்த்த விதத்திலேயே அவனுக்கு விளங்கிவிட்டது.

“இருங்கோ தம்பி,” என்றார் சுந்தரலிங்கம். “உங்கட இழப்புக்கு நாங்கள் எல்லாரும்...”

“பதினாலாம் பக்கம் சேர். குறித்த இடம்னு இருக்கு. எந்த இடம்?”

“ஆர்ட்வெல் தோட்டம்தானே.”

“தோட்டம் நானூறு ஏக்கர்.” இரண்டு தாளை மேசையில் வைத்தான். ஒன்றில் அந்த ஒன்பது எழுத்து வரி. மற்றதில் வரைபடம், மேலே வண்டி நின்ற புள்ளி, கீழே கதவுப்பலகை கிடந்த புள்ளி. “பதினொரு நிமிச நடை. அம்பத்தொரு நிமிசம் நின்னிருக்கு. ரெண்டு தரம் போய் வந்திருக்கலாம்.”

யாரும் தாளைத் தொடவில்லை.

“நான்தான் குத்தினனான்,” என்றாள் துஷ்யந்தி. “முஸ்அப் ‘பணிய லயம்’ எண்டு சொன்னவர். சரியான இரைச்சல். ‘பணியாளர் லயமோ’ எண்டு நான் திருப்பிக் கேட்டனான். ‘ஓ, பணிய லயம்தான்’ எண்டார். அவருக்கு நான் கேட்டதும் அப்பிடித்தான் விழுந்திருக்கு.”

“எப்ப தெரிஞ்சிச்சு?”

“ஜனவரியில. முஸ்அப்தான் வந்து சொன்னவர்.”

“அறிக்கை எழுதினது அதுக்குப் பிறகுதானே?”

 சுந்தரலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, இவ ரெண்டு இரவு நித்திரை கொள்ளாமல் அந்த மேசையில இருந்தவ. ஒரு சதம் வாங்காமல். இவ குத்தின புள்ளியளாலதான் நூற்றுப் பதினாறு பேர் ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தவை. ஒரு பிழையைப் பிடிச்சுப் பேர் போட்டு எழுதினால் அடுத்த மழைக்கு ஒருத்தரும் இந்த மேசைக்கு வரமாட்டினம். அதை நீங்கள் யோசிக்க வேணும். வசனத்தை மாத்துவம். ‘இடப்பெயர்க் குழப்பம் காரணமாக நோயாளியைச் சென்றடைய முடியவில்லை.’ சரிதானே?”

“குழப்பம் யாருக்கு சேர்?”

“பொதுவா.”

“பொதுவா யாருக்கும் குழப்பம் இல்ல. கீழ நின்ன எட்டுப் பேருக்கும் இல்ல, முஸ்அப்புக்கும் இல்ல.” சிவனேசனின் குரல் உயரவில்லை. அவன் அலுவலகத்தில் கோரிக்கை மறுக்கும்போது பேசும் அதே குரல். “கொண்டுவரவில்லைன்னு எழுதும்போது ‘உறவினர்கள்’னு ஆள் இருந்திச்சு. பிழைன்னு எழுதும்போது மட்டும் ஆளக் காணோம். நூத்திப் பதினாறு பேருக்கு நான் நன்றி சொல்றேன். நூத்திப் பதினேழாவது ஆளோட அப்பா அஞ்சு மாசமா மகளக் கொன்னவன்னு பேர் வாங்கிக்கிட்டு கொழுந்து நிறுக்கப் போறாரு. அவருக்கு ஒரு வசனம் குடுக்க ஒங்களுக்கு ஏலாதா?”

“தம்பி, நிதானமா...”

“நிதானமாத்தான் இருக்கேன். நிதானமில்லாட்டி மேசையோட தூக்கிப் போட்டிருப்பேன்.”

துஷ்யந்தி பதினான்காம் பக்கத்தை உருவி எடுத்து, அந்த இரண்டு வரியையும் வெட்டினாள். ஓரத்தில் எழுதத் தொடங்கினாள். சுந்தரலிங்கம் அவள் கையைப் பிடிக்கப் போனார். அவள் பார்த்த பார்வையில் விட்டுவிட்டார். எழுதி முடித்துப் பேரும் திகதியும் போட்டுத் தாளை சிவனேசனிடம் தள்ளினாள்.

‘பணிய லயம் என்றால் கீழ் லயம். கட்டுப்பாட்டு மேசையில் இருந்த நான் அதைப் பணியாளர் விடுதி என்று பிழையாக விளங்கி, வாகனத்தை அங்கே அனுப்பினேன். சாரதி இறங்கிப் பார்க்கவா என்று இரண்டு முறை கேட்டபோது மறுத்தேன். உறவினர்கள் நோயாளியைச் சரியான இடத்துக்கு, வாகனம் வருவதற்கு முன்பே கொண்டுவந்திருந்தார்கள்.’

சிவனேசன் வாசித்தான். ஒரு சொல்லும் குறையில்லை. ஐந்து மாதத்துக் கோபம் இறங்கும் என்று எதிர்பார்த்தான், இறங்கவில்லை.

“இத ஈமெயில்ல அனுப்பிட்டு இருக்காதீங்க,” என்றான். “மாமாகிட்ட நீங்களே வந்து வாசிங்க.”

“வாறன்,” என்றாள் அவள்.

சனிக்கிழமை விடியற்காலை அவள் காரில் போனார்கள். வழியில் ஒருமுறை, “ஜனவரியில நான் உங்களிட்ட வந்திருக்க வேணும்,” என்று தொடங்கினாள். “ரோட்டப் பாருங்க மிஸ்,” என்றான் அவன். கோயில் வளைவில் இடப்பக்கம் திரும்பச் சொன்னான். 

ஆறரை மணிக்குப் பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். கணக்கப்பிள்ளை பேர் வாசித்து வேலை பிரித்துக்கொண்டிருந்தார். பெண்கள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, படங்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வீரையா ஓரத்தில், யாரோடும் சேராமல் நின்றார். மருமகனைக் கண்டும் அசையவில்லை. பாலம்மாதான் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு இரண்டடி வந்தாள்.

“மாமா, இவங்க ஒங்கள்ட்ட ஒண்ணு சொல்லணும். வீட்டுக்குப் போவமா?” என்றான் சிவனேசன்.

“வீட்டுக்கு எதுக்கு?” ஐந்து மாதத்துக்குப் பிறகு அவர் அவனோடு பேசிய முதல் பேச்சு அது. “வீட்டுல நானும் இவளுந்தான். எல்லாரும் இங்கதான் இருக்காங்க. இங்கயே சொல்லச் சொல்லுங்க.”

கணக்கப்பிள்ளை புத்தகத்தை மூடிக்கொண்டு தள்ளி நின்றார். துஷ்யந்தி தாளை விரித்து வாசித்தாள்.   வாசித்து முடித்ததும் தாளை மடிக்கத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.  எங்கோ ஒரு பிள்ளை இருமியது.

“ஹோன் சத்தம் எங்களுக்குக் கேட்டுச்சு,” என்றாள் பாலம்மா.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“விடாம அடிச்சாங்க. மேல ஸ்டாப் ஐயாமாரு சாமான் ஏத்த லொறி வந்திருக்காக்கும்னு நெனச்சோம். அம்மா, யாருக்கோ ஹோன் அடிக்கிறாங்களே, நமக்கா இருக்குமான்னு புள்ள கேட்டா. நமக்கு எந்தக் காலத்துல மேல வண்டி வந்து நின்னிருக்கு, பேசாம படுன்னு நான்தான் சொன்னேன்.” துஷ்யந்தியைப் பார்த்தாள். “நீங்க தப்பா அனுப்புனீங்க. வந்தது நமக்குத்தான்னு எங்களுக்கும் தோணல்ல. அதையும் எழுதிக்கங்க.”

 பாலம்மா அவளைத் தொடவுமில்லை, ஏசவுமில்லை. முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சிவனேசனுக்கு மண்டை கொதித்தது. மேலே, வரிசையாக வெள்ளையடித்துத் தெரிந்த அந்த வீடுகளைப் பார்த்தான். பதினொரு நிமிடப் படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில் ஹோன் சத்தம் மட்டும் இறங்கி வந்திருக்கிறது. கேட்டவர்களுக்கு அது தங்களுக்கான சத்தம் என்று ஒரு கணமும் நம்ப முடியவில்லை. நூறு வருடமாக அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறார்கள். இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது, யார் பேரைப் போடுவது? யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கத்தக்க ஆள் அந்தக் களத்தில் இல்லை.

“சரி. அந்தம்மா அவங்க பங்க சொல்லிட்டாங்க,” என்றார் வீரையா. தாளைக்கூட வாங்கவில்லை. மருமகன் பக்கம் திரும்பினார். “ஒங்க பங்கு மாப்ள?”

“மாமா, அதான் இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சே.”

“அவங்க தப்பு செஞ்சது தெரிஞ்சிருச்சு. அவங்கள எனக்கு முன்னப்பின்ன தெரியாது. நீங்க என் வீட்டுல மூணு வருசம் சோறு சாப்பிட்டவரு. நான் ரோட்டுலதான் நின்னேன்னு ஒங்ககிட்ட சொன்னேன். இதே சனத்துக்கு முன்னால நீங்க என்ன சொன்னீங்க?”

கோபம் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சிவனேசன் கூட்டத்தைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்.

“மாமா ரோட்டுலதான் நின்னாரு. சொன்னாரு. நான் நம்பல்ல. வண்டிக்காரன நம்பினேன், பெட்டிய நம்பினேன். பெட்டி எங்க நின்னிச்சுன்னுகூட நான் பாக்கல்ல. அவர் பொய் சொல்றாருன்னு சொன்னது நான்தான். அது பொய்.”

கணக்கப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி கையை இறக்கிக்கொண்டார்.

“பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல்ல,” என்றார் வீரையா. “தலைய நிமித்திச் சத்தமாச் சொல்லுங்க.”

சிவனேசன் தலையை நிமிர்த்தினான். தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான்.